படுத்துப் பார்க்கிற உயரம்

எடைக்காரர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது அவருடைய செருப்பு மட்டும்தான். பிக்கப்பின் அடித்தகட்டில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைப்பதும் எடுப்பதுமாக, முன்னாலிருந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். தின்கிற சுளை இல்லை. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்த சுளை வடிவக் காந்தம். நல்ல தகடாக இருந்தால் டப்பென்று ஒட்டும். இடித்த இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து ஏமாற்றியிருந்தால் ஒட்டாமல் நழுவி விழும். பெயிண்ட் பொய் சொல்லும். புரோக்கர் பொய் சொல்லுவான். வண்டிக்காரன் பெற்ற பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் பொய் சொல்லுவான். காந்தம் சொல்லாது. அவர் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

"பெரியவரே, தலையணை ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று வெளியே நின்ற புரோக்கர் கேட்டான்.

"வாயை மூடிட்டு நில்லு. வேலை நடக்குது."

"விடிஞ்சதுல இருந்து நடக்குது. வண்டிக்கே கூச்சம் வந்துடப் போகுது."

எடைக்காரர் சுளையைக் கடைசி மூலையில் வைத்துப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்பது அவர் வழக்கம். போனதும் முதலில் வண்டியின் மூஞ்சியில் கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் நமக்கு முன்னால் ஒரு தடவை கிளப்பி வைத்திருக்கிறான், குளிரில் கிளம்பாத சண்டி வண்டி என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை இல்லை. நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. பிரேக்கை மிதித்தால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுக்காமல் நேராக நின்றது. இப்போது அடிப்பக்கமும் பார்த்தாகிவிட்டது. சுளை ஒரு இடத்தில்கூட விழவில்லை.

வெளியே தவழ்ந்து வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்ன குறை கண்டுபிடிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப முடிச்சுக்கலாமா?"

"ஒண்ணும் இல்லாத வண்டியை எவன்யா விப்பான்?"

புரோக்கர் தலையில் கையை வைத்துக்கொண்டான். "குறை இருந்தா வேணாம்னு போறீங்க. இல்லன்னா ஏன் இல்லன்னு கேக்கறீங்க. ஒண்ணு பண்றேன், கதவுல நானே ஓங்கி ஒரு உதை விடறேன். நசுங்கினதைக் கண்ணாரப் பாத்துட்டு நிம்மதியா எடுத்துட்டுப் போங்க."

எடைக்காரர் வண்டியை இன்னொரு சுற்று சுற்றி வந்தார்.

மார்க்கெட்டுக்கு வெளியே இருக்கிற லாரி எடை மேடையில் ஆயுசைக் கழித்தவர் அவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. மீதியை லாரிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சரக்கோடு மேடை ஏறும்போது எடை கூடிக் காட்ட சீட்டுக்கு அடியில் ஒருவனைச் சுருட்டிப் படுக்க வைப்பார்கள். காலி வண்டியாகத் திரும்பி வரும்போது அவனை வழியிலேயே இறக்கிவிட்டு வருவார்கள். தார்ப்பாயை நனைத்துக்கொண்டு வருவார்கள். கருவிப் பெட்டியில் மணல் இருக்கும். ஒருத்தன் பெற்ற தாயையே சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான்; அந்த அம்மா தும்மித் தொலைத்ததால் மாட்டினான். அதற்குப் பிறகு எடைக்காரர் தும்மாதவர்களையும் நம்புவதில்லை.

வீட்டில் அவர் மனைவி மட்டும் அவரை ஆபீசர் என்று கூப்பிடுவாள். "ஆபீசர் உப்பு போதுமான்னு சோதிச்சிட்டு உத்தரவு கொடுத்தா இறக்கலாம்" என்பாள். தையல்காரி. வாயும் ஊசி மாதிரிதான், வலிக்காமல் குத்தும். தையல் கடை மாடிப்படியில் துணிக்கட்டோடு சறுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியாது. உட்கார வைத்தால் துணி மாதிரி சாய்ந்துவிடுவாள். கட்டில், கட்டில் தலைமாட்டில் கட்டிய ஒரு சைக்கிள் மணி, பக்கவாட்டில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அதற்கப்பால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு விரிசலுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள்.

அவள் படுத்த பிறகுதான் ஆற்றின் மேல் புதுப் பாலம் வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். அங்கே நின்றால் ஆறு திரும்புகிற இடம் வரை தெரிகிறதாம். காற்று ஆளைத் தூக்குகிறதாம். ஒரு நாள் அவள் சொன்னாள், "எனக்கும் ஒரு தடவை அதுமேல போகணுங்க. நிக்கக்கூட வேணாம். போனா போதும்."

அப்படித் தொடங்கியது இந்த வண்டி தேடல். பழைய பிக்கப் ஒன்று வாங்குவது. பின்னால் கூண்டு கட்டுவது. தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி அடித்து, அதன்மேல் உருண்டு உள்ளே போகிற மாதிரி ஒரு படுக்கைப் பலகை. அவள் படுத்த நிலையில் கண் இருக்கிற உயரத்தில் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அவளுடைய தம்பி வெல்டர். அவன் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வண்டியை முழு அளவில் வரைந்தான். எடைக்காரர் தாமே அந்தக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்து, "என் கண்ணு இங்க வருது, அவ ஒரு விரக்கடை கம்மி, கீழே இறக்கு" என்று ஜன்னலுக்கு உயரம் சொன்னார். காலடி பட்டு அழிய அழிய வெல்டர் அந்தக் கோட்டை மறுபடி வரைந்தான். கோடு இருந்தது. வண்டிதான் வரவில்லை.

ஒன்றில் புகை. ஒன்றில் சத்தம். ஒன்றில் எல்லாம் சரி, விற்கிறவன் அடிக்கடி மூக்கைச் சொறிந்தான். முதன்முதலில் பார்த்தது பால்காரர் ஒருவருடைய நீல வண்டி. அதில் இடது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் நழுவியது. பால்காரர் ஒளிக்கவில்லை. "எங்க வீட்டு கேட்லயே இடிச்சதுங்க" என்றார். எடைக்காரர் திரும்பி வந்து, "கேட்டாம். எவனை இடிச்சானோ" என்றார். மனைவி, "கேட்ல இடிச்ச வண்டி பாலத்துல ஏறாதா?" என்று கேட்டாள். அவர் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பினார். அதற்குப் பிறகு பார்த்த வண்டிகளைப் பற்றி அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். "ஆரஞ்சுப் பழத்தை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு ஆபீசர்" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

வாடகைக்கு ஒன்று எடுத்தால் என்ன என்று வெல்டர் ஒரு தடவை கேட்டான்.

"வாடகை வண்டியோட பிரேக்கை எவன் பாத்தான்?" என்றார்.

இன்று காலையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இது அடிக்கடி வருவதுதான். யாராவது தூக்கி நிமிர்த்தி முதுகில் தட்டினால்தான் துப்ப முடியும். இருட்டு பிரிவதற்குள் எழுப்பி, தட்டி, துப்பவைத்து, வாய் துடைத்து, போனை அவள் கைப்பக்கத்தில் வைத்தார். அவள், "கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்லங்க. இன்னிக்கு எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். கெஞ்சுகிற குரலாக இல்லை. கடையில் துணி கிழித்துத் தரச் சொல்லுகிற குரல்.

"பாத்துட்டுச் சொல்றேன்."

வெளியே வந்து கதவைப் பூட்டினார். எப்போதும் பூட்டிவிட்டுத்தான் போவார். படுத்த படுக்கையாக ஒரு பொம்பளை தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நுழைவான். பக்கத்து வீட்டம்மா, "சாவி ஒண்ணை எங்கிட்ட கொடுத்து வைங்கண்ணே, அவசரத்துக்கு" என்று கேட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். சாவி ஒன்றுதான். அது அவர் இடுப்பில்.

இங்கே வந்ததும் போனை அணைத்தார். அது இன்னொரு சட்டம். பேச்சு நடுவில் போன் அடித்தால் கவனம் சிதறும். சிதறுகிற அந்த நேரத்தில்தான் புரோக்கர் தலையில் கட்டுவான்.

"என்ன பெரியவரே, யோசிச்சீங்களா?"

எடைக்காரர் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு, வெறும் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நீளம் சரியாக இருந்தது. கூண்டு கட்ட இடம் இருந்தது. இதுதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அவருக்கு அந்த உள்ளே சொல்கிறதன்மேலும் நம்பிக்கை கிடையாது.

"நாளைக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

புரோக்கர் சிரித்தான். கோபப்படுகிற கட்டத்தை அவன் தாண்டிவிட்டான். "வாங்க. நான் இங்கதான் இருப்பேன். வண்டி இருக்குமான்னு சொல்ல முடியாது."

எடைக்காரர் சுளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அணைத்து வைத்திருந்த போனைப் போட்டார். வெளிச்சம் வந்ததும் வராததுமாக அது அடித்தது. வெல்டர்.

"எங்க இருக்கீங்க மாமா?"

"வண்டி பாத்துட்டிருந்தேன். இதுல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா..."

அந்தப் பக்கம் பட்டறை இரைச்சல் இல்லை. அதுவே அவருக்கு வித்தியாசமாகப் பட்டது.

"வீட்டுக்கு வாங்க" என்றான் வெல்டர்.

"என்னடா?"

"வாங்க மாமா."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். புரோக்கர் அவர் முகத்தைப் பார்த்தான். அதே பிக்கப்பின் இடது கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றான்.

வழியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஒருவர் கடைவாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஏற்றத்தில் புரோக்கர் கியர் மாற்றினான். எடைக்காரரின் காது அந்த நிலைமையிலும் கியர்ப் பெட்டியில் இருந்தது. ஒரு முனகல் இல்லை. வெண்ணெயாக விழுந்தது. தன் காதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடலாம் போல இருந்தது அவருக்கு.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் பூட்டு கிடந்தது. கடையில் இருந்ததிலேயே தடித்த பூட்டாகப் பார்த்து அவர் வாங்கியது. வளையத்தில் கட்டர் போன இடம் புதுக் காசு மாதிரி பளபளத்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். இன்னும் லேசாகச் சூடு இருந்த மாதிரி பட்டது. வெயில் சூடாகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டம்மா கதவருகில் நின்றிருந்தாள். முன்கை முழுக்கச் சிராய்ப்பு.

"மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்கண்ணே. ஓடி வந்தேன். பூட்டியிருந்துச்சு. உங்களுக்குப் போட்டேன், போகல. உங்க மச்சானுக்குப் போட்டேன். அவரு மிஷினைத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "சந்துக்குள்ள நுழைஞ்சு ஜன்னல் கம்பி வழியா கையை விட்டேன். விரல்தான் எட்டுச்சு. தூக்கி உக்கார வைக்க முடியலையே அண்ணே. என் விரலைப் பிடிச்சுக்கிட்டாங்க. வண்டி எடுக்கப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு சொன்னாங்க."

எடைக்காரர் கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். எடை போட்டு முடிந்த வண்டியைப் போகச் சொல்கிற மாதிரி ஆட்டினார். பிறகு உள்ளே போனார்.

கண்ணை யாரோ மூடியிருந்தார்கள். கழுத்துவரை போர்வை. ஒரு கை மட்டும் வெளியே, ஜன்னல் பக்கமாக நீண்டு, கட்டில் விளிம்பில் கிடந்தது. கைக்குப் பக்கத்தில் போன். அவர் உட்காரவில்லை. பழக்கத்தில் ஒரு கையை அவள் முதுகுக்கு அடியில் கொடுத்தார், தூக்கித் தட்டுவதற்கு. கொடுத்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. அடியில் இன்னும் சூடு இருந்தது. கையை உடனே எடுக்க மனம் வரவில்லை. அப்படியே குனிந்த நிலையில் நின்றார்.

வெல்டர் சுவரோரம் குந்தியிருந்தான். கட்டர் மிஷின் அவன் காலடியில். அக்காவைவிட நிரம்பச் சின்னவன். அவள்தான் தூக்கி வளர்த்தாள். அவன் கண்ணில் தண்ணீர் இல்லை.

"அந்தப் பூட்டு நல்ல பூட்டு மாமா" என்றான். "ரெண்டு பிளேடு போச்சு."

திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். எடைக்காரர் அதற்குத்தான் காத்திருந்தார்.

செய்தி கேட்டு அவருடைய மகள் வந்தாள். வேலை செய்கிற துணி ஆலையின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அம்மா மேல் விழுந்து அழுது, எழுந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"போனை ஏம்பா அணைச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். புரோக்கர் தலையில் கட்டிவிடுவான் என்று சொல்ல வந்தார்.

"சும்மா கேட்டேன், விடுங்க" என்றாள் மகள். அது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலிகள் வந்தன. எடை மேடையில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து, அவர் கையைப் பிடித்துவிட்டு, சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தெரியாமல் அதில் கை வைக்க, அது கிணிங் என்றது. அறையில் இருந்த எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள்.

வெல்டர் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்து, "சாயங்காலம் வண்டி வரும்" என்றான்.

வெயில் இறங்கும் நேரத்தில் வந்தது. புரோக்கர் அதுவரை போகவில்லை. தெருவில் இடம் வேண்டும் என்பதற்காகத் தன் பிக்கப்பைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டினான். சவ வண்டி அந்த இடத்தில் வந்து நின்றது. அதுவும் ஒரு பிக்கப்தான். வெள்ளைப் பெயிண்ட், பின்னால் கூண்டு, பக்கவாட்டில் நீளமாக ஒரு கண்ணாடி ஜன்னல், உள்பக்கம் பச்சைத் திரை.

எடைக்காரர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே படியிறங்கினார். மூஞ்சியைத் தொட்டார். சுற்றி வந்தார். இடது பின்சக்கரத்தின் மேலே பெயிண்டில் ஒரு இடம் வெயிலில் வேறு மாதிரி மின்னியது. சட்டைப்பையிலிருந்து சுளையை எடுத்தார்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மகள் ஓடிவந்து தோளைத் தொட்டாள். "அப்பா. என்னப்பா பண்றீங்க? எல்லாரும் பாக்கறாங்கப்பா."

அவர் காந்தத்தைத் தகட்டில் வைத்தார். ஒட்டியது. கொஞ்சம் தள்ளி வைத்தார். ஒட்டியது. மின்னுகிற இடத்தில் வைத்துக் கையை எடுத்தார். நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

சவ வண்டி டிரைவர் குனிந்து எடுத்தான். துக்க வீடுகளில் என்னென்னவோ பார்த்தவன். அவன் முகம் மாறவில்லை. "உங்க பழம் விழுந்துடுச்சுங்க" என்று நீட்டினான்.

"இது பால்காரர் வண்டிதானே? நீலமா இருந்தது?"

"ஆமாங்க. அவருகிட்டதான் எங்க முதலாளி வாங்கினாரு."

"எப்படி ஓடுது?"

"ஒரு நாள் நின்னதில்லைங்க. மழையோ வெயிலோ, சாவியைத் திருப்பினா கிளம்பிடும்." டிரைவர் அந்த இடத்தைத் தடவினான். "இது அவங்க வீட்டு கேட்ல இடிச்சதாம்."

எடைக்காரர் சுளையை வாங்கிக்கொண்டார்.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதிகம் பேர் தேவைப்படவில்லை, எடையே இல்லை. டிரைவர் பின்கதவைத் திறந்தான். உள்ளே தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி. அதன்மேல் சின்னச் சக்கரங்கள் வைத்த பலகை. டிரைவர் கையை நீட்டுவதற்குள் வெல்டர் குனிந்து, கூண்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் கையைவிட்டுக் கொண்டியை இழுத்தான். பலகை சத்தமில்லாமல் வெளியே உருண்டு வந்தது. கொண்டி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தேடாமலே தெரிந்திருந்தது.

எடைக்காரர் அவனைப் பார்த்தார்.

"நீயா கட்டினே?"

வெல்டர் அக்காவின் காலைப் பலகையில் நேராக வைத்தான். "இந்த வண்டிக்காரங்க கேட்டாங்க. தரையில கோடு கிடந்துச்சு. இதே மாதிரி வேணும்னாங்க."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா?" என்றான் வெல்டர். போர்வையைச் சரிசெய்தான். "அது உங்க கோடுதான் மாமா. ஒரு நூல்கூட மாத்தல."

பலகை உள்ளே போனது. தட்டவில்லை, குலுங்கவில்லை. எவ்வளவு நல்ல வேலை என்பதை இரும்போடு பழகினவர்கள் பார்த்தாலே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்காரர்கள் உட்கார உள்ளே ஒரு பக்கமாகக் குட்டைப் பலகை போட்டிருந்தது. எடைக்காரர் ஏறி உட்கார்ந்தார். வெல்டர் எதிர் மூலையில் குந்தினான். மகள் முன்னால் ஏறிக்கொண்டாள். மனைவியின் முகத்துக்கு நேராக ஜன்னல் வந்தது. ஒரு விரக்கடைகூட ஏறவோ இறங்கவோ இல்லை. வெளியே நிற்கிறவர்கள் கடைசியாக எட்டிப் பார்த்துக்கொள்வதற்காக வைத்த ஜன்னல் அது. அதற்குப் போட்டிருந்த பச்சைத் திரையின் மடிப்புத் தையல் கோணலாக ஓடி, பாதியில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்திருந்தால் தைத்தவனைக் கூப்பிட்டு மிஷின் முன்னால் உட்கார வைத்திருப்பாள். வண்டி தேடத் தொடங்கிய புதிதில் ஒரு நாள், "ஜன்னலுக்கு அளவு சொல்லுங்க, திரை தைச்சு வைக்கறேன், கை சும்மாத்தானே இருக்கு" என்று கேட்டாள். முதலில் வண்டி வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

"பாலத்து வழியாப் போப்பா" என்றார்.

டிரைவர் முன்னாலிருந்து திரும்பினான். "அது சுத்துங்க. இந்நேரத்துக்கு நெரிசலா வேற இருக்கும்."

"போப்பா" என்றான் வெல்டர்.

வண்டி கிளம்பியது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. பின்னால் புரோக்கர் தன் பிக்கப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். தெரு, மார்க்கெட், பழைய எடை மேடை எல்லாம் போயின. ஏற்றம் தொடங்கியது. சக்கரத்தின் சத்தம் மாறியது. கீழே வெறுமையாக இருக்கிற சத்தம். பாலம்.

எடைக்காரர் திரையை ஒதுக்கினார். கொக்கி உடைந்திருந்தது. விட்டால் மூடிக்கொண்டது. ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். ஆறு தெரிந்தது. திரும்புகிற இடம் வரை தெரிந்தது. தண்ணீர்மேல் சாயங்கால வெயில் கிடந்தது. யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை.

பிறகு என்னவோ தோன்றி மெல்லக் குனிந்தார். கன்னம் அவள் தலையணையில் படும்வரை குனிந்து, அவள் கண் இருந்த இடத்தில் தன் கண்ணை வைத்துப் பார்த்தார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான் தெரிந்தது. சாம்பல் நிறச் சிமெண்டு. அங்கங்கே விரிசல். ஆறும் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டி ஊர்ந்தது, சுவர் முடியாமல் போய்க்கொண்டே இருந்தது. வண்டியை அளந்தார், ஜன்னலை அளந்தார், அவளை அளந்தார். பாலத்தின் சுவரை அளக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"என்ன மாமா?" என்றான் வெல்டர்.

"ஒண்ணும் இல்ல."

நெரிசலில் வண்டி நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. எடைக்காரர் நிமிரவில்லை. கை வலித்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, பாலம் முடிகிறவரை திரை மூடிவிடாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.